நேற்றைய கரண்டு

நாலு எலுமிச்சம்பழம் வாங்கி வந்திருந்தார்கள்.
வண்டிக்கு மூன்று சக்கரம்தான்.
மிஞ்சிய ஒன்றை என் கையில் திணித்துவிட்டுச்
சேர்மன் கொடியசைத்தார்.
பதினோரு வண்டி கிளம்பியது யாருக்கும் கேட்கவில்லை,
மேளக்காரர் நிறுத்திய பிறகும்.

அது ஆனி மாதம். இப்போது ஓடுவது ஏழு.
மீதி நாலும் பழைய ஆடறுக்கும் கொட்டகையில்
பிளக்குக்குக் காத்திருக்கின்றன.
ஒன்றில் பூனை குட்டி போட்டிருக்கிறது.

நான் துளசிமணி, பதினேழாவது வார்டு.
நாற்பத்தொரு வயதில் எட்டுப் போட்டு
லைசென்ஸ் வாங்கியவள்.

குமாரபாளையத்தில் சத்தமில்லாத வண்டி ஓட்டுவதென்றால்
மழையில் நின்று அழுகிற மாதிரி.
சுவருக்குச் சுவர் தறி.
டீசல் குட்டியானை இருந்தவரை
அது இருமிக்கொண்டே வரும்,
தெரு திரும்புவதற்குள் பக்கெட்டோடு நிற்பார்கள்.
இது வந்து, நின்று, போன பிறகு
கதவு திறக்கிறது.
"ஏனுங்க்கா, வந்தா ஒரு சத்தம் குடுக்கமாட்டீங்ளா?"
கொடுத்தேன். தொண்டை கட்டிக்கொண்டது.
மேஸ்திரி விசில் வாங்கித் தந்தார்.
அப்புறம் ஒலிபெருக்கி வைத்தார்கள்,
தூய்மையைப் பற்றி ஓர் ஆண்குரல்.
தறியிடம் அவரும் தோற்றார்,
பேட்டரியில் ஒரு கட்டம் தின்றதுதான் மிச்சம்.
அணைத்துவிட்டேன்.

புகை இல்லை, அது நிஜம்.
முன்பெல்லாம் ராத்திரி தலையணையில்கூட டீசல் வாசம்.
இப்போது குப்பை வாசம் மட்டும்,
கலப்படமில்லாமல்.

ராத்திரி வெள்ளியங்கிரி அண்ணன்.
ஏழு பிளக்கையும் இரண்டு மணிக்கு எழுந்து மாற்றுவார்.
நோட்டில் கோடு போட்டு எழுதுவார்:
ஆறாம் நம்பர், முழுசு.
ஒன்பதாம் நம்பர், பாதி. சூடு அதிகம்.
போன மாதச் சம்பளம் வரவில்லை என்று எழுத
அந்த நோட்டில் இடம் விடவில்லை யாரும்.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை.
ஒன்பது முதல் ஐந்து வரை பராமரிப்பு, கரண்டு இருக்காது.
தெரியும். ஆனாலும்
தெருவின் பாதியில் இருந்தபோது
அது நின்றது.

தறியெல்லாம் ஒரே மூச்சில்
நாடாவை நடுவழியில் பிடித்துக்கொண்டன.
அந்த அமைதியில் பயந்து
தொட்டில்கள் விழித்தன.
எந்த வீட்டில் டம்ளர் உருண்டதென்று சொல்லிவிடலாம்.
அந்தத் தெருவில் ஓடியது என் வண்டி ஒன்றுதான்,
நேற்று ராத்திரி வெள்ளியங்கிரி அண்ணன்
ஏற்றிவைத்த கரண்டில்.

அப்போது கேட்டது.
கீச். கொஞ்சம் விட்டு, கீச்.
எனக்குக் கீழேயிருந்து.

குனிந்து பார்த்தால்
பின்சக்கர அச்சில் நூல்.
ஊதா, மஞ்சள், சாயம் போன சிவப்பு,
வீட்டுக்கு வீடு கொட்டின பிசிறெல்லாம்
சுற்றிச் சுற்றி
கைமுட்டித் தண்டிக்கு இறுகியிருந்தது.
மூன்று மாதமாய்ச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது,
கேட்கத்தான் வழியில்லை.

பிளேடால் அறுத்தேன்.
விரலிலும் கொஞ்சம் அறுபட்டது.
நிமிர்ந்தால் தெருவே வாசலில் நின்றது,
காதிலிருந்து பஞ்சை எடுத்தபடி,
கையில் பக்கெட்டோடு.
நான் யாரையும் கூப்பிடவில்லை.

"அந்த ஊதா எங்கூட்டு நூலுங்க,"
என்றாள் ஒருத்தி,
திருப்பிக் கேட்கிற மாதிரியும் இல்லை,
வருத்தப்படுகிற மாதிரியும் இல்லை.

உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
பச்சைத் தொட்டியா, நீலத் தொட்டியா?
பருத்தியென்றால் மக்கும்.
பாலியஸ்டர் கலந்தது என்றார் ஒருவர்.
இல்லவே இல்லை என்றார் அதை நெய்தவர்.
ஐந்து மணி வரை வேலையில்லாத ஊர்,
நிதானமாகச் சண்டை போட்டது.

சீட்டுக்குக் கீழே போட்டுக்கொண்டேன்.
மீட்டரில் மூன்று கட்டம்.
மேட்டுத்தெரு ஏற்றமே இரண்டைத் தின்னும்.
அதற்கு மேலும் அறுபது வீடு.